குடைக்காரர் வண்டியில் தண்ணீர் நிற்பதில்லை

நாலு நாளைக்கு முன்னால் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிய நீலநிறக் கார், மூக்கிலிருந்து மெல்லிசாக ஆவி விட்டுக்கொண்டு மறுபடியும் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றதைக் காதுக்காரர் பார்த்தார். பார்த்தவர் பதறவில்லை. வண்டிதான் பதற வேண்டும் என்பது அவர் கொள்கை.

காதுக்காரர் என்பது தொழிலில் வந்த பட்டப்பெயர். ஓடுகிற இன்ஜின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடுவார். அரை நிமிஷத்தில் நோய் என்னவென்று சொல்லிவிடுவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பது அவர் கணக்கு. இரண்டு தடவை தப்பியிருக்கிறது என்பது அவருடைய அக்காவின் கணக்கு. எந்த வண்டி, எந்த வருஷம் என்பதுகூட அக்காவுக்கு மனப்பாடம்.

அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவர். கணவர் இறந்து பதினோரு வருஷமாகிறது. தம்பி வீட்டு மாடியில் தனியாக இருந்துகொண்டு, ஒர்க்‌ஷாப்பின் முன்னறையில் டெலிபோனையும் சாவிகளையும் வாடிக்கையாளர்களையும் மேய்த்துக்கொண்டிருந்தார். எந்த வண்டிக்கு என்ன வியாதி என்று பதிவேட்டில் எழுதுவதும் அவர்தான். தம்பி சொல்லச் சொல்ல எழுதுவார். சில நாள் தம்பி சொல்வதற்கு முன்பே எழுதி முடித்திருப்பார்.

நீலக் காரிலிருந்து இறங்கியவரைக் குடைக்காரர் என்றுதான் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். வானிலை அலுவலகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயில் கொளுத்தினாலும் கையில் குடை இருக்கும். வானிலை அறிக்கையை அவர் நம்புவதில்லை. எழுதியவரே அவர்தானே.

"சூடு காட்டுற அந்தக் குட்டி முள் மறுபடி மேல ஏறிடுச்சு சார்," என்றார் குடைக்காரர், ஏதோ தான்தான் தவறு செய்துவிட்டதுபோல. "பாதி ஏறினதுமே ஓரமா நிறுத்திட்டேன். ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டிட்டு வந்தேன்."

நல்ல வேலை செய்தார் என்று காதுக்காரர் பாராட்டினார். சூடு ஏறிய வண்டியை விடாமல் ஓட்டி இன்ஜினையே கருக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். முதல் தடவை வந்தபோது ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. மூடி இறுக்கமாக இல்லையென்றால் உள்ளே அழுத்தம் நிற்காது, இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரான கூலன்ட் கொதித்து வழிந்துவிடும். மூடியை மாற்றினார், பச்சைக் கூலன்ட்டை நிரப்பினார், வில்லனைப் பிடித்தாயிற்று என்று அனுப்பினார். இப்போது பானெட்டைத் திறந்தால் தொட்டி காலி.

இன்ஜினை ஆறவிட்டு, ரேடியேட்டர் வாயில் பம்பைப் பொருத்திக் காற்றடித்துப் பார்த்தார். எங்கேயாவது ஓட்டை இருந்தால் பம்பின் முள் இறங்கும். கால் மணி நேரம் ஆகியும் அது அசையவில்லை. அப்படியானால் ஓட்டை இல்லை என்று வேறு யாராவது முடிவு கட்டியிருப்பார்கள். காதுக்காரர் மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கினார். லேசாக உப்பியிருந்தது. சூட்டில் மட்டும் கசிகிற ஹோஸ், ஆறினதும் நல்ல பிள்ளையாகிவிடும் என்று விளக்கினார்.

உப்பிய ஹோஸைத் திருகி இழுத்தபோது, அது மாட்டியிருந்த ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தும் அதோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது.

குடைக்காரர் எட்டிப் பார்த்து, இது வெளியே வர வேண்டியதுதானா என்று மரியாதையாகக் கேட்டார். வயசான பிளாஸ்டிக், எப்படியும் உடைந்திருக்கும், நடுரோட்டில் உடையாமல் நம் கையில் உடைந்தது அதிர்ஷ்டம் என்றார் காதுக்காரர். முன்னறையிலிருந்து அக்காவின் இருமல் கேட்டது. அவருக்கு இருமல் வியாதி கிடையாது.

புது ரேடியேட்டர் வந்து மாட்டி முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. முதல் நாள் முழுக்கக் குடைக்காரர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் விரித்து வைத்திருந்த குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு கட்டத்துக்கு விடை தெரியுமா என்று அக்கா அவரைக் கேட்டுவைத்தார். தெரிந்தது. அடுத்ததும் தெரிந்தது. மறுநாள், வண்டி தயாராக மாலையாகும் என்று அக்கா டெலிபோனில் சொல்லியும், காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

வண்டி போனது. எட்டாவது நாள் திரும்பி வந்தது.

இந்த முறை கூடவே அவருடைய மகளும் வந்திருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறாளாம். அப்பா இந்த வண்டியோடு தனியாக என்ன பாடுபடப் போகிறாரோ என்று கவலைப்பட்டாள். கவலையை என்னிடம் விட்டுவிடம்மா என்று காதுக்காரர் அவளுக்குத் தைரியம் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து டாக்ஸி கம்பெனி நடத்துகிற அம்மாள் வந்து இறங்கினார். பன்னிரண்டு டாக்ஸிகள் அவருக்கு. அவற்றையெல்லாம் பராமரிக்க ஒரே ஒர்க்‌ஷாப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் பின்பக்கத்துக் கொட்டகையைப் பெரிதாக்கிவிடலாம் என்று காதுக்காரர் மூன்று வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். அம்மாள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு தடவையும் உள்ளே நின்றது நீலக் கார்தான்.

"இந்த வண்டி இங்கயே குடியிருக்கா?" என்று கேட்டார்.

கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றும் இன்றோடு முடிந்துவிடும் என்றும் காதுக்காரர் பதில் சொன்னார். முடிந்ததும் சொல்லியனுப்புங்கள், அப்போது வந்து பேசுகிறேன் என்று அம்மாள் கிளம்பிப் போனார். ஆக, பன்னிரண்டு டாக்ஸிகளும் இப்போது ஒரு நீலக் காரின் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

வெளியே கசியவில்லை என்றால் உள்ளே போகிறது. இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற கேஸ்கெட் போயிருந்தால் கூலன்ட் உள்ளே புகுந்து எரிந்துபோகும். காதுக்காரர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால்போல வெளுத்திருக்கும், இது சுத்தமாக இருந்தது. சைலன்ஸர் பின்னால் குந்தி உட்கார்ந்து புகையை மோந்தார். வெள்ளைப் புகை இல்லை, வாசனையும் இல்லை. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துச் சோதித்தார். கேஸ்கெட் கெட்டிருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். இன்ஜின் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கடைசியில் காருக்குள் குனிந்து, முன்சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தொட்டார். சொதசொதவென்று ஈரம். காதுக்காரர் நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருந்தது. டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கிற ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது, இதைக் கண்டுபிடிக்க ஊரில் வேறு ஆளில்லை என்று அறிவித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

டேஷ்போர்டைக் கழற்ற இரண்டு நாள். பிரித்துப் போட்டதும் காரின் முன்பாதி, கல்யாணம் முடிந்த மண்டபம்போல இருந்தது. ஹீட்டரை எடுத்துக் காற்றடித்துப் பார்த்தால் புத்தம்புதுசுபோல இருந்தது. அப்புறம்தான் அக்கா முன்னறையிலிருந்தபடி, குடைக்காரர் நனைந்த குடையை எப்போதும் எங்கே வைப்பார் என்று யாராவது அவரைக் கேட்டீர்களா என்றார். கேட்டார்கள். முன்சீட்டுக்குக் கீழே.

மறுபடி மாட்டி முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. மூன்று திருகுகள் மீந்தன. அவை வண்டியில் வந்தவை அல்ல, நம் டப்பாவிலிருந்து விழுந்திருக்கும் என்று காதுக்காரர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வண்டியைக் கிளப்பி இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டதும் ஹாரன் அடித்தது. அணைத்தால் நின்றது. போட்டால் அடித்தது. ஒரு நாள் முழுக்க ஒயர்களைத் துழாவிய பிறகு இடதுபக்கம் அடங்கி, வலதுபக்கம் அடிக்க ஆரம்பித்தது.

இந்த நாட்களில் குடைக்காரர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. கணிப்பு தப்பினால் காசு வாங்குவதில்லை என்பது காதுக்காரரின் வழக்கமாதலால் அதைப் பற்றியும் பேச்சு வரவில்லை. குடைக்காரர் பாட்டுக்கு முன்னறையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"உள்ளே சூடு, வெளியே தெரியாது. மூணு எழுத்து," என்று ஒருநாள் சத்தமாகப் படித்தார்.

"இன்ஜின்," என்றார் காதுக்காரர் காருக்கு அடியிலிருந்து.

"அது நாலு எழுத்துடா," என்றார் அக்கா. அந்தக் கட்டம் மட்டும் அன்றைக்குக் காலியாகவே கிடந்தது.

ஹாரன் ஒருவழியாக வாயை மூடியதும் காதுக்காரர் புது வழியில் யோசித்தார். வண்டியைத் தானே இரண்டு நாள் வைத்துக்கொண்டு ஓட்டினார். மேட்டில் ஏற்றினார், நெரிசலில் நிறுத்தினார், மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் இன்ஜினை அணைக்காமல் விட்டார். ஒரு சொட்டு குறையவில்லை. வண்டியைக் குடைக்காரர் வீட்டில் விட்டு, ராத்திரி அதற்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைக்கும்படி மகளிடம் சொன்னார். மறுநாள் காலை அட்டை காய்ந்திருந்தது. தொட்டி காலியாக இருந்தது.

ஓடும்போது ஒழுகவில்லை. நிற்கும்போது சொட்டவில்லை. ஆனால் தண்ணீர் இல்லை. காதுக்காரருக்கு முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பாடு இறங்கவில்லை. சைக்கிள் செயின்கூட மாட்டத் தெரியாதவன் என்று ஊர் தன்னைப் பற்றிப் பேசும் நாள் கண்முன்னால் தெரிந்தது. இந்த வண்டியை விட்டுவிடு, வேறு யாராவது பார்க்கட்டும் என்று மனைவி சொன்னதற்கு, தோற்றாலும் நம் கையாலேயே தோற்போம் என்றார்.

அக்காவிடமும் சொல்லிப் புலம்பினார். காலை நடை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, வழக்கத்துக்கு மாறாகக் கிண்டல் செய்யாமல், தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உன் கைமேல எனக்கு நம்பிக்கை இருக்குடா," என்றார். அதைக் கேட்டதும் காதுக்காரருக்குப் பழைய தெம்பு திரும்பியது.

வியாழக்கிழமை அவர் உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு சின்னக் குப்பி வாங்கி வந்தார். கூலன்ட்டில் கலக்கிற சாயம். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. நீல விளக்கைக் காட்டினால், கூலன்ட் பட்ட இடமெல்லாம் மின்மினிபோல ஒளிரும். ஊசிமுனை ஓட்டையானாலும் அதற்குத் தப்ப முடியாது. யாரிடமும் மூச்சு விடாமல் சாயத்தை ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, இன்ஜினின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, தன் கையையும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வண்டியைக் குடைக்காரரிடம் ஒப்படைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீலக் கார் வந்தது. மகளும் வந்தாள். தொட்டி காலி. முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்ததால் டாக்ஸி அம்மாளும் வந்து சேர்ந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று காதுக்காரர் ஷட்டரைக் கீழே இறக்கி, விளக்குகளை அணைத்து, நீல விளக்கோடு காருக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போனார்.

ஹோஸ்கள் இருட்டு. பம்ப் இருட்டு. கேஸ்கெட் ஓரம் இருட்டு. ரேடியேட்டரின் அடியில், பழைய கூலன்ட்டை வடிப்பதற்காக வைத்திருக்கிற பிளாஸ்டிக் திருகின்மேல் மட்டும் இரண்டு விரல் ரேகைகள் பச்சையாக ஜொலித்தன.

காதுக்காரர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். திருகு ஒழுகவில்லை. யாரோ திறந்து, கூலன்ட்டைப் பிடித்து எடுத்து, ஒழுங்காக மூடியிருக்கிறார்கள்.

வெளியே வந்து, விளக்கை ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். குடைக்காரர் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பச்சைத் தீற்றல். குறுக்கெழுத்துத் தாளில் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். பேனா முழுக்கப் பச்சை. பதிவேட்டில், டெலிபோனில், சாவிப் பலகையில்கூட. இந்த மனுஷர் எதைத்தான் தொடாமல் விட்டார் என்று காதுக்காரர் வியந்தார். பிறகு குடைக்காரரின் வலதுகையைப் பிடித்துத் திருப்பி விளக்கைக் காட்டினார். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பச்சையாக மின்னின.

அக்கா இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மூடியிருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதுக்காரருக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தது, டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டும் கோபப்படாதது, காலியாக விட்ட அந்த மூன்றெழுத்து. வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல. நோய் வண்டிக்காரருக்கு. எங்கக்காவைப் பாக்க வர்றதுக்கு உங்களுக்கு ஒரு காரணம் வேணும். அதுக்காகத் தண்ணியைத் திறந்துவிட்டிருக்கீங்க. சரிதானே?"

குடைக்காரர் திகைத்துப்போய்த் தன் விரல்களைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அக்கா இருமினார். குடைக்காரரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது, நீல விளக்கு இல்லாமலே.

"ஆமா சார். நான்தான்," என்றார். "மன்னிச்சுக்குங்க."

இதிலே மன்னிக்க என்ன இருக்கிறது, நேராகவே வந்து கேட்டிருக்கலாமே என்றார் காதுக்காரர். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்ட கேள்வி அது. "அக்கா, நீ என்ன சொல்ற?"

அக்கா தன் கைகளைப் பார்க்காமல், தம்பியையும் பார்க்காமல், நீ பார்த்துச் சொன்னால் சரிதான், உன் கணிப்பு எப்போதுடா தப்பியிருக்கிறது என்றார். அந்த இரண்டு தடவையைப் பற்றி அவர் பேச்சே எடுக்காதது காதுக்காரரை உருக்கிவிட்டது. குடைக்காரர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார். குடை கீழே விழுந்தது. அன்றைக்கு அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

டாக்ஸி அம்மாள் அதுவரை ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் ஒரே வண்டியோடு மல்லுக்கட்டி, நடுவில் கைவிடாமல், கடைசியில் ஆணிவேர்வரை போய்ப் பிடித்த மெக்கானிக்கைத் தான் பார்த்ததில்லை என்றார். திங்கட்கிழமை முதல் இரண்டு டாக்ஸிகளை அனுப்புகிறேன், மற்ற பத்தும் பின்னாலேயே வரும் என்று சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஷட்டரை மேலே ஏற்றினார்கள். வெளிச்சம் உள்ளே வந்தது. முன்னறையில் குடைக்காரரும் அக்காவும் புதிருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் யாரும் எதையும் எழுதவில்லை. மகள் காரை எடுத்துப் போவதற்காகச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காதுக்காரர் வாசல்வரை கூடவே நடந்தார். நடையில் ஒரு கம்பீரம் ஏறியிருந்தது.

இனிமேல் அப்பாவைப் பற்றிக் கவலைப்படாமல் வேலைக்குப் போகலாம் என்று அவளிடம் சொன்னார். எவ்வளவு சிக்கலான நோயானாலும் பொறுமையாகத் தேடினால் மூலம் அகப்பட்டுவிடும் என்பதையும், இதுவரை தன் கணிப்பு தப்பியதில்லை என்பதையும் சொன்னார்.

மகள் கார்க் கதவைத் திறந்தவள், முன்னறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வண்டி முதல் நாள் மூடி மாத்தினப்பவே சரியாயிடுச்சு மாமா. அப்பாவுக்கு பானெட் எங்க திறக்கும்னுகூடத் தெரியாது. காலையில நடைக்கு வர்றப்ப வாளியோட வந்து, தண்ணியை வடிச்சு எடுத்துட்டுப் போனதெல்லாம் உங்கக்கா, எங்க சித்திதான்."